பெருந்தமனி வளைவு அறுவையில் மூளையைக் காப்பது: ஊட்டி வார்டு முதல் கோவை தியேட்டர் வரை

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைத் திறந்து தைப்பதென்றால், மூளைக்குப் போகும் ரத்தத்தின் தலைவாசலைத் திறந்து போட்டுக்கொண்டு வேலை செய்வதாகும். இதயத்தில் வால்வு மாற்றும்போது பெருந்தமனியின் குறுக்கே ஒரு கிளாம்ப் (இடுக்கி) போட்டுவிட்டால், இதயம், நுரையீரல் வேலையை எடுத்துக்கொள்ளும் பைபாஸ் மெஷின் அதற்கு மேலே ரத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும். வளைவில் அந்த வசதி கிடையாது. கிளாம்ப் விழ வேண்டிய இடத்தில்தான் தையலே விழப்போகிறது.

வளைவிலிருந்து கிளம்புபவை மூன்று. வலக் கைக்கும் வலப்பக்க மூளைக்குமான பொதுக்கிளை இன்னாமினேட். அடுத்தது இடது கரோட்டிட், கழுத்து வழியாக மூளைக்குப் போவது. மூன்றாவது இடது சப்கிளேவியன். கைக்குப் போகிற குழாய்தானே என்று மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கழுத்தெலும்பு வழியாக மூளைக்கு ஏறும் இடது வெர்டிப்ரல் அதிலிருந்துதான் கிளம்புகிறது. மூளையின் பின்பகுதியும் தண்டுவடத்தின் மேற்பகுதியும் அதை நம்பியிருக்கின்றன.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. சேமிப்பு என்று எதுவும் அதனிடம் இல்லை. 37 டிகிரியில் ரத்தம் நின்றால் நான்கைந்து நிமிடம்தான். ஆகவே ரத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாத நேரம் வருமென்றால் அதற்கு முன்பே மூளை குளிர்ந்திருக்க வேண்டும். ஓட்டமும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருக்கும் நிமிடங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடிப்பிடித்து அடைப்பதுதான் இந்த வேலை முழுவதும். நீலகிரியிலிருந்து வரும் நோயாளிக்கு அந்த நிமிடங்களில் சில தியேட்டருக்கு வருமுன்பே, மலை மேலேயே தொடங்கிவிடுகின்றன.

மலை மேல்: கிழிந்த பெருந்தமனியை அடையாளம் காண்பது

அவசரமாக வரும் வளைவு அறுவைகளில் பெரும்பாலானவை ஏ வகைக் கிழிசல், அதாவது இதயத்தை ஒட்டிய ஏறு பெருந்தமனியைத் தொட்ட கிழிசல். பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே இன்னொரு வழி வெட்டிக்கொண்டு போகும். ஊட்டியிலோ கூடலூரிலோ குன்னூரிலோ இது முதலில் "நெஞ்சு வலி" என்ற பெயரில்தான் உள்ளே வரும். மாரடைப்பு என்று நினைப்பது இயல்பு. அங்கேதான் வினையும் இருக்கிறது.

வலி எப்படித் தொடங்கியது என்று கேளுங்கள். எங்கே வலி, எவ்வளவு வலி என்பதெல்லாம் பிறகு. "ஐயா, வலி வந்த அந்த நிமிஷம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டால், மாரடைப்புக்காரர் "காலையில இருந்தே ஒரு மாதிரி இருந்துச்சு" என்று இழுப்பார். கிழிசல்காரர் இம்மிகூடப் பிசகாமல் சொல்வார்: "கொழுந்து மூட்டையைத் தூக்கினேன், அப்பவே முதுகுல கிழிச்ச மாதிரி ஆச்சு." நொடியில் உச்சம் தொடும் வலி, நெஞ்சிலிருந்து முதுகுக்கு நகரும் வலி, வலியோடு மயக்கம், வலியோடு ஒரு கை கால் இழுத்துக்கொள்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பாருங்கள். 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இதயத்தை விட்டுப் பெருந்தமனியை யோசிக்க வேண்டும். வித்தியாசம் இல்லை என்பதற்காகக் கிழிசல் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் லோடிங் டோஸ் (முதல் பெரிய டோஸ்) கொடுத்துவிடுவார்கள். மாரடைப்புக்கு அது சரியான வேலை, உயிர் காக்கும் வேலை. கொடுத்த பிறகு கிழிசல் என்று சந்தேகம் வந்தால் பதற்றம் வேண்டாம். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தது என்று ரெஃபரல் சீட்டில் எழுதுங்கள். குளோபிடோக்ரல் உள்ளே போயிருந்தால் பிளேட்லெட் பைகளை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். தாண்டக் கூடாத கோடு அதற்கு அடுத்தது: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ். இவற்றைக் கொடுக்கக் கூடாது. இதயத்துக்கே ரத்தம் தரும் வலது கொரோனரியின் வாயைக் கிழிசல் அமுக்கினால் இ.சி.ஜி.யில் கீழ்ச்சுவர் மாரடைப்பு அப்படியே வரைந்துவிடும். இ.சி.ஜி.யை மட்டும் நம்பி ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால் இதய உறைக்குள் ரத்தம் கசிவதை யாராலும் நிறுத்த முடியாது. பக்கவாதமாக வருபவருக்கும் இதே எச்சரிக்கை. நெஞ்சு வலியோடு வந்த பக்கவாதத்தில் மருந்து ஏற்றுமுன் கழுத்தும் நெஞ்சும் சேர்ந்த சி.டி. ஆஞ்சியோ பார்த்தாக வேண்டும்.

சந்தேகம் உறுதியானால் முதலில் வலியை அடக்குங்கள். ஃபென்டனில் 50 முதல் 100 மைக்ரோகிராம், அல்லது மார்ஃபின் 2 முதல் 4 மி.கி. வலி குறைந்தாலே அழுத்தமும் ஓரளவு இறங்கும். அடுத்து நாடித்துடிப்பு. லேபெட்டலால் 20 மி.கி. இரண்டு நிமிடத்தில் மெதுவாக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 40 முதல் 80 வரை, மொத்தம் 300 மி.கி.யைத் தாண்டாமல். அது இல்லாத இடத்தில் மெட்டோப்ரலால் ஊசி 5 மி.கி. மெதுவாக, தேவைப்பட்டால் இன்னும் இருமுறை. துடிப்பு 60-க்குக் கீழே, மேல் அழுத்தம் 100-க்கும் 120-க்கும் நடுவே. இந்த வரிசையை மாற்றக் கூடாது. துடிப்பைக் கட்டாமல் நைட்ரோகிளிசரின் மட்டும் போட்டால் அழுத்தம் இறங்கும், துடிப்பு எகிறும், ஒவ்வொரு அடியும் கிழிசலை இன்னும் கொஞ்சம் நீட்டும். ஆஸ்துமா உள்ளவருக்கும், இதயத்தின் மின்கடத்தலில் தடை (ஹார்ட் பிளாக்) உள்ளவருக்கும் துடிப்பைக் குறைக்கும் இந்த மருந்துகள் ஆகாது.

ஒரு விதிவிலக்கு: நினைவு மங்கியவர், ஒரு பக்கம் விழுந்தவர். இவருக்குக் கழுத்துக் குழாய் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. அழுத்தத்தை 100-க்கு இழுத்தால் மிச்சமிருக்கும் ஓட்டமும் போய்விடும். 120 ஓரத்தில் விட்டுவைத்து, எவ்வளவு சீக்கிரம் கீழே அனுப்ப முடியுமோ அனுப்புங்கள். எந்த நோயாளிக்கும் அழுத்தம் அதிகமாகக் காட்டும் கையிலேயே கஃப் இருக்கட்டும். குறைவாகக் காட்டும் கை அமுங்கிய குழாயின் கை; அதை நம்பி உப்புநீரை ஏற்றினால் கிழிசல்தான் வளரும்.

மலை இறக்கம்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை 411 மீட்டர். குன்னூர், பர்லியார், கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசனில் ஒருவழிப் பாதை, மழையில் மண்சரிவு. எந்த வழி திறந்திருக்கிறது என்று 108 பைலட்டிடம் வண்டி ஏறுமுன் கேட்டுவிடுங்கள். கூடலூர்க்காரர்களுக்கு ஊட்டி ஏறி கோவை இறங்குவதைவிட நாடுகாணி வழியாகப் பெரிந்தல்மண்ணா பக்கம் போவது பல சமயம் சுருக்கம். எங்கே போவதானாலும் அங்கே வளைவு அறுவை செய்யும் குழு இருக்கிறதா என்று போனில் உறுதி செய்த பிறகே வண்டி நகர வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் இறக்கி இன்னொன்றுக்கு ஏற்றுவது இந்த நோயில் கட்டுப்படியாகாது.

ஆம்புலன்ஸில் நோயாளியின் தலை டிரைவர் பக்கம் இருக்கும். மலை இறங்கும்போது தலைப்பக்கம் தாழும். ஒவ்வொரு பிரேக்குக்கும் ரத்தம் தலைப்பக்கம் மோதும். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி வையுங்கள். வளைவுகளில் வாந்தி வரும். வாந்தி எடுக்கும் அந்த நொடி அழுத்தம் 180 தொடலாம். ஆன்டான்செட்ரான் 4 மி.கி. ஏறும்போதே போட்டுவிடுவது பிறகு போடுவதைவிட நல்லது. சிறுநீர்க் குழாயும் மலையிலேயே போட்டுவிடுங்கள்.

மூச்சுக்குழாய் போட்டிருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. அந்தக் குழாயைச் சுற்றியுள்ள பலூனில் (கஃப்) மேலே நிரப்பிய காற்று கீழே இறங்க இறங்கச் சுருங்கும். ஊட்டியில் இறுக்கமாக இருந்தது மேட்டுப்பாளையத்தில் கசியும். வயிற்றிலிருந்து வருவது நுரையீரலுக்குள் இறங்கும். பர்லியாரிலும் மேட்டுப்பாளையத்திலும் நிறுத்தி, கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. தண்ணீர் அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் கணக்கும் மேலேயே போடுங்கள். ஒரு பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம். ரோடு மறித்தால் அது போதாது; இரண்டு ஏற்றுங்கள்.

அறுவையில் மூளையைக் குளிர வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, வழியிலேயே ஐஸ் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. விழித்திருக்கும் உடம்பைக் குளிர வைத்தால் நடுக்கம் வரும். நடுக்கத்தில் ஆக்சிஜன் தேவை கூடும், துடிப்பும் அழுத்தமும் ஏறும். குளிர் மூளைக்கு நன்மை செய்வது மயக்க மருந்துக்குள், மெஷினின் கட்டுப்பாட்டில் மட்டும்தான். ஜனவரிப் பனியில் தலைக்குந்தாவிலிருந்து வருபவருக்குத் தேவை கம்பளி, மஃப்ளர், சூடான அறையில் வைத்திருந்த டிரிப் பாட்டில். குளிர்ந்த விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு பாருங்கள். ஊட்டி உயரத்தில் 93, 94 என்பது பலருக்குச் சாதாரணமான எண்.

படத்தில் பார்க்க வேண்டியவை

சி.டி. ஆஞ்சியோ நெஞ்சோடு நிற்கக் கூடாது. கீழே தொடை வரை, மேலே மூளையின் அடித்தளம் வரை வேண்டும். அடித்தளத்தில் வில்லிஸ் வளையம் என்று ஒரு ரத்தக்குழாய் வட்டம் இருக்கிறது. ஒரு பக்கத்து ரத்தம் மறுபக்கத்துக்குப் போகும் பாலம் அதுதான். எல்லோருக்கும் அது முழுமையாக இருப்பதில்லை. வலப்பக்கம் மட்டும் ரத்தம் கொடுத்து இடப்பக்கம் பிழைத்துக்கொள்ளும் என்று திட்டம் போடுமுன் பாலம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது கிளைகள். கரோட்டிட்டுக்குள் கிழிசல் ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் நிஜக் குழாய் எது, சுவருக்குள் ரத்தம் வெட்டிக்கொண்ட பொய்க் குழாய் எது. நூற்றில் ஐந்து பேர் அளவில் இடது வெர்டிப்ரல் நேராக வளைவிலிருந்தே கிளம்பும். அதைக் கவனிக்காமல் வெட்டினால் சிறுமூளைக்கான ரத்தத்தில் கை வைத்ததாகிவிடும். நூற்றில் ஒருவர் அளவில் வலது சப்கிளேவியன் இன்னாமினேட்டிலிருந்து கிளம்பாமல், கடைசிக் கிளையாக வளைவின் பின்னாலிருந்து வரும். இவருக்கு வலது அக்குள் தமனியில் கேனுலா (மெஷினின் ரத்தத்தை உடம்புக்குள் விடும் குழாய்) போட்டால், வளைவைத் திறந்த பிறகு வலது கரோட்டிட்டுக்கு நேராக ஒரு சொட்டும் போகாது. மானிட்டரில் வலக்கை அழுத்தம் மட்டும் அழகாக இருக்கும்.

கேனுலாவும் கம்பிகளும்

எங்கள் முதல் தேர்வு வலது அக்குள் தமனி. காறை எலும்புக்குக் கீழே சின்ன வெட்டு, 8 மி.மீ. டாக்ரான் துணிக் குழாயைப் பக்கவாட்டில் தைத்து அதில் கேனுலா. மெஷின் ஓடும்போது உடல் முழுக்கவும், வளைவைத் திறந்த பிறகு இன்னாமினேட்டின் அடியில் கிளாம்ப் போட்டால் வலது கரோட்டிட், வலது வெர்டிப்ரல் வழியாக மூளைக்கும் அதே குழாய் ரத்தம் கொடுக்கும். குழாய் மாற்றும் நேரம் மிச்சம். அந்த மிச்சம் சுத்தமான மூளை நிமிடம்.

தொடை தமனி விரைவில் கிடைக்கும். நோயாளி மேசையில் சரிந்துகொண்டிருந்தால் அதுதான் வழி. ஆனால் கீழிருந்து மேலே தள்ளும் ரத்தம் பொய்க் குழாயை நிரப்பி நிஜக் குழாயை அமுக்கலாம். வயதானவரின் பெருந்தமனியிலிருந்து கொழுப்புத் துகளை மூளைக்கு ஏற்றலாம். மெஷின் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு நிமிடம் எல்லாக் கண்களும் மூளையின் ஆக்சிஜனைக் காட்டும் நெற்றி சென்சாரிலும் வலக்கை அழுத்தத்திலும் இருக்க வேண்டும். எண்கள் விழுந்தால் மெஷினை மெதுவாக்கி வேறு இடம் தேடுங்கள். குளிர வைத்துக்கொண்டே யோசிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டு மணிக்கட்டிலும் அழுத்தம் காட்டும் தமனிக் கம்பி, தொடையில் ஒன்று. நெற்றியில் இருபுறமும் ஆக்சிஜன் சென்சார். அதன் அடிப்படை எண்ணை மயக்க மருந்துக்கு முன், முகமூடி ஆக்சிஜனுக்கும் முன் குறித்து வையுங்கள். பின்னால் வரும் எல்லா எண்களும் இதோடுதான் ஒப்பிடப்படும். மூக்குத்தொண்டையில் ஒரு வெப்பமானி மூளைக்கு, சிறுநீர்ப்பையில் ஒன்று உடம்புக்கு. மூக்கு வழி போகும் கம்பி, துவாரத்திலிருந்து காது மடலின் முன் முனை வரையுள்ள நீளம் உள்ளே இருக்க வேண்டும். பாதியில் நின்றால் அது அளப்பது மூச்சுக் காற்றை.

குளிர்வித்தல்: எவ்வளவு, எவ்வளவு நேரம்

ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 6, 7 சதவீதம் குறையும். ரத்த ஓட்டமே இல்லாமல் மூளை தாங்கும் நேரத்துக்கு 1999-இல் மெக்கல்லா குழுவினர் போட்ட கணக்கு இன்றும் தியேட்டர்களில் புழங்குகிறது: 30 டிகிரியில் 9 நிமிடம், 25-இல் 14, 20-இல் 21, 15-இல் 31. நல்ல கை உள்ளவருக்கும் வளைவின் கீழ்த்தையலுக்கு, அதாவது வளைவுக்குப் பதிலாக வைக்கும் புதுக் குழாயைக் கீழ்ப்பக்கப் பெருந்தமனியோடு இணைப்பதற்கு, அரை மணி ஆகும். அப்படியானால் 20 டிகிரிக் குளிர் மட்டுமே ஒரு முழு வளைவுக்குப் போதாது. 1975-இல் க்ரீப் ஆழ்குளிரில் ரத்தத்தை நிறுத்தி வளைவு மாற்றிக் காட்டியதுதான் இந்த அறுவையைச் சாத்தியமாக்கியது. இன்று பல குழுக்கள் 24 முதல் 28 டிகிரி வரை மட்டும் குளிர வைத்து, மூளைக்குத் தனி ஓட்டம் கொடுக்கின்றன. குளிர் குறைந்தால் ரத்தம் உறைவதில் கோளாறு குறையும், மெஷின் நேரமும் குறையும். ஆனால் தனி ஓட்டம் தடைபட்டால் கையிலிருக்கும் நேரமும் அந்த அளவுக்குக் குறைவுதான். நல்ல அனுபவமுள்ள குழு இல்லையென்றால், வில்லிஸ் வளையம் சந்தேகமென்றால், 20 முதல் 22 வரை இறங்கிவிடுவதே எங்கள் சிபாரிசு.

குளிர வைக்க அவசரப்படக் கூடாது. உடம்பிலிருந்து மெஷினுக்கு வரும் ரத்தத்துக்கும் மெஷினிலிருந்து உடம்புக்குப் போகும் ரத்தத்துக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வைக்காதீர்கள். மூக்கில் 20 என்று காட்டியதும் நிறுத்துவது பொதுவாக நடக்கும் தவறு. மேல்பரப்பு குளிர்ந்திருக்கும், உள்மூளை இன்னும் சூடாக இருக்கும். குறைந்தது 20 நிமிடம், ஆழ்குளிருக்கு 30 முதல் 40 நிமிடம் ஓட விடுங்கள். மூளையின் மின்னலைகளைக் காட்டும் இ.இ.ஜி. இருந்தால் கோடு தட்டையாகும் வரை. தலையைச் சுற்றி ஐஸ் பைகள் வைப்பது குளிர்ந்ததைத் தக்க வைக்கத்தான், அதுவே குளிர வைக்காது. காது மடலிலும் கண்ணிலும் ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்ற வேண்டும்.

ரத்த வாயுக் கணக்கு பெரியவர்களுக்கு ஆல்ஃபா ஸ்டாட், அதாவது உடம்பின் குளிருக்கு ஏற்பத் திருத்தாமல் 37 டிகிரி அளவிலேயே படிப்பது. ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 25-க்குக் கீழே போக வேண்டாம். குளிரில் ரத்தம் தடிக்கும் என்று பயந்து அதிகம் நீர்க்கச் செய்தால் ஆக்சிஜனைச் சுமக்க ஆளில்லாமல் போகும். சர்க்கரை 180-ஐத் தாண்டவிடாதீர்கள். மூளையைக் காக்க தயோபென்டோன் என்ற மயக்க மருந்தும் ஸ்டீராய்டும் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அவற்றை நம்பி நிமிடத்தை நீட்டிக்க ஆதாரம் போதாது. தயோபென்டோன் கொடுப்பதானால் ஓட்டத்தை நிறுத்துமுன் கொடுக்க வேண்டும். நின்ற பிறகு கொடுத்தது சிரையிலேயே கிடக்கும்.

நிறுத்தும் நிமிடம்

நிறுத்துமுன் வாய்விட்டுக் கேளுங்கள், வாய்விட்டுப் பதில் வாங்குங்கள். மூக்கு எத்தனை, சிறுநீர்ப்பை எத்தனை, நெற்றி இருபுறமும் எத்தனை. இடது கரோட்டிட் கேத்தட்டர் மேசையில் இருக்கிறதா, அதில் காற்று வெளியேற்றி ரத்தம் நிரம்பியிருக்கிறதா. கடிகாரம் யார் கையில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சத்தமாகச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்; தைப்பவரால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பார்க்கவும் கூடாது.

படுக்கையைத் தலை தாழ்த்தி வைத்து, மெஷினை நிறுத்தி, இன்னாமினேட்டின் அடியில் கிளாம்ப். கிளாம்ப் வலது கரோட்டிட்டும் சப்கிளேவியனும் பிரியும் இடத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறிக் கரோட்டிட்டைப் பிடித்தால் ரத்தம் முழுக்கக் கைக்குத்தான். உடனே அக்குள் குழாய் வழியாக ஓட்டம்: கிலோவுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 மி.லி. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் 50 கிலோ பெண்ணுக்கு 500 மி.லி.யில் தொடங்கலாம். ரத்தத்தின் வெப்பம் 20 முதல் 25 வரை. வலக்கை அழுத்தம் 50 முதல் 60, மிஞ்சினால் 70. இன்னும் கூட்டினால் நல்லதுதானே என்று தோன்றும்; மூளை வீங்கும்.

வளைவைத் திறந்ததும் இடது கரோட்டிட்டின் வாயைப் பாருங்கள். கருஞ்சிவப்பில்லாத, நல்ல சிவப்பான ரத்தம் தாராளமாகத் திரும்பி வந்தால் பாலம் வேலை செய்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தாலோ நெற்றி இடப்பக்கம் விழுந்தாலோ பலூன் முனைக் கேத்தட்டரை இடது கரோட்டிட்டில் போடுங்கள், 12 முதல் 15 ஃபிரெஞ்ச் (கேத்தட்டரின் தடிமன் அளவு) வரை. மெதுவாக ரத்தம் வழிய விட்டுக்கொண்டே செருகினால் காற்று போகாது. 40 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று முன்பே தெரிந்தால் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்; முதலிலிருந்தே இருபக்கமும் கொடுங்கள். இடது சப்கிளேவியனைத் திறந்து விட்டுவிடாதீர்கள். கிளாம்ப் அல்லது பலூன் போட்டு அடைக்காவிட்டால், மூளைக்கு நாம் கொடுக்கும் ரத்தமே வெர்டிப்ரல் வழியாகப் பின்னோக்கி வழிந்து அறுவை நடக்கும் இடத்தில் கொட்டும்.

மேற்பெருஞ்சிரை வழியாகப் பின்னோக்கி ரத்தம் கொடுக்கும் முறை 1990-இல் ஜப்பானில் உவேடா குழுவிடமிருந்து வந்தது. நிமிடத்துக்கு 300 முதல் 500 மி.லி., சிரை அழுத்தம் 25-ஐத் தாண்டாமல். கிளைகளுக்குள் சிக்கிய காற்றையும் துகளையும் கழுவி வெளியேற்ற அருமையான வழி. குளிரையும் தக்க வைக்கும். மூளைக்கு உணவு தருவதாக மட்டும் கணக்கில் எழுதாதீர்கள், பெரும்பகுதி வேறு சிரைகளில் ஒதுங்கிவிடும்.

மூளை பத்திரமாக இருப்பதால் கீழுடலை மறந்துவிடுவதும் நடக்கும். 28 டிகிரியில் கீழுடலின் ரத்தத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தத் துணியக் கூடாது. தண்டுவடமும் சிறுநீரகமும் அவ்வளவு தாங்காது.

எண்கள் விழும்போது

நெற்றி எண் அடிப்படையிலிருந்து 20 சதவீதம் குறைந்தாலோ 50-க்குக் கீழே போனாலோ வேலையை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும்.

இடப்பக்கம் மட்டும் விழுந்தால் பாலம் இல்லை, அல்லது இடது கேத்தட்டர் நழுவியது, அல்லது அதிக ஆழம் போய்க் கிளையில் சிக்கியது. வலப்பக்கம் மட்டும் விழுந்தால் கிளாம்ப் இடம் மாறியதா, அக்குள் குழாய் மடங்கியதா, வலது கரோட்டிட்டில் கிழிசல் மடிப்பு வாயை மூடியதா என்று பாருங்கள். இருபக்கமும் விழுந்தால் பம்ப், ஹெமடோகிரிட், கார்பன் டை ஆக்ஸைடு. கடைசியாகச் சொன்னது குறைந்தால் மூளைக் குழாய்கள் சுருங்கும். 40-க்குக் கொண்டு வந்தாலே பல சமயம் எண் ஏறிவிடும்.

குழப்புவது வலக்கை அழுத்தம். பக்கவாட்டுக் குழாய் வழியாகக் கொடுக்கும்போது ரத்தம் கைக்கு எளிதாகப் பாய்வதால் மணிக்கட்டு கூடுதலாகக் காட்டலாம். அழுத்தம் 65, நெற்றி 45 என்றால் நெற்றியை நம்புங்கள். நேரடியாகக் கேனுலா போட்டிருந்தால் கைக்குப் போகும் வழி அடைபட்டுக் குறைவாகக் காட்டும்; அதைப் பார்த்து ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மூளைக்குத்தான் வெள்ளம். நெற்றி சென்சாருக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு: அது பார்ப்பது முன்மூளையை மட்டும். பின்மூளை பற்றி அது வாய் திறக்காது.

காற்றை வெளியேற்றிச் சூடேற்றுவது

அறுவை நடக்கும் இடத்துக்குள் கார்பன் டை ஆக்ஸைடு ஓட விடுங்கள். காற்றுக் குமிழியைவிட அது ரத்தத்தில் சீக்கிரம் கரையும். சிந்தும் ரத்தத்தை உறிஞ்சும் சக்கர் அதையும் உறிஞ்சி மெஷினுக்குள் அனுப்பும் என்பதால் மெஷினை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் ரத்த வாயுவை அடிக்கடி பார்க்க வேண்டும். கீழ்த்தையல் முடிந்ததும் ஓட்டத்தைப் புதுக் குழாயின் பக்கக் கிளை வழியாக முன்னோக்கித் தொடங்குங்கள். தொடை வழியாகத் திரும்பவும் தள்ளினால் கிழிசலில் பொய்க் குழாய் மறுபடி நிரம்பும். கிளைகளை ஒவ்வொன்றாகத் திறக்குமுன் பின்னோக்கி ரத்தம் வழிய விட்டு, குமிழியும் துகளும் வெளியே போன பிறகே இறுக்குங்கள்.

ஓட்டம் வந்ததும் சூடேற்றத் தாவாதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் குளிர்ந்த ரத்தமே ஓடட்டும். தேங்கிய கழிவு கழுவப்படும். பிறகு சூடு. அதுவரை காப்பாற்றியதைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான், ஏனென்றால் எல்லோரும் களைத்திருப்பார்கள், வீட்டுக்குப் போகும் அவசரம் வந்திருக்கும். மெஷினிலிருந்து உடம்புக்குப் போகும் ரத்தம் 30-ஐத் தொடும் வரை வித்தியாசம் 10 டிகிரிக்குள். 30-க்கு மேல் வித்தியாசம் 4 டிகிரிக்குள், நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றம் வேண்டாம். மெஷினில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரின் வெளிவாய் 37-ஐத் தாண்டக் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தம் அந்த அளவி காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் 36.5 வந்தால் மெஷினை விட்டு இறக்கலாம். மீதியைக் கம்பளி பார்த்துக்கொள்ளும்.

ஐ.சி.யு.

முதல் நாள் எதிரி காய்ச்சல். 37.5-ஐத் தாண்டினால் பாராசிட்டமால், தேவைப்பட்டால் குளிர்விக்கும் போர்வை. நடுக்கம் வந்தால் அதையும் அடக்க வேண்டும். தலை 30 டிகிரி உயரம், கார்பன் டை ஆக்ஸைடு 35 முதல் 40. சராசரி அழுத்தம் 70-க்கு மேல். இறங்கு பெருந்தமனிக்குள் ஸ்டென்ட் நீட்டியிருந்தால் தண்டுவடத்துக்காக 80-க்கு மேல்.

ரத்தக் கசிவு அடங்கியதும் மயக்க மருந்தைக் குறைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறக்கிறாரா, நான்கு கைகால்களும் அசைகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். படுகர் வீட்டுப் பாட்டியானால் படுக மொழியில் கூப்பிட ஒரு உறவினரை உள்ளே அனுமதியுங்கள். "ஆத்தா, கையைத் தூக்கு" என்று நர்ஸ் தமிழில் சொல்வதற்கு அசையாத கை, பேத்தியின் குரலுக்கு அசைந்துவிடும். தேவையில்லாத ஒரு சி.டி. மிச்சம். இரண்டு மூன்று நாள் உளறல், இரவு பகல் தடுமாற்றம் இருந்தால் பெரும்பாலும் தானே சரியாகும். ஒரு பக்கம் அசையவில்லை, கண் ஒரு பக்கமே போகிறது என்றால் காத்திருக்காமல் சி.டி. ஆஞ்சியோ எடுங்கள், பெரிய குழாய் அடைபட்டிருந்தால் கம்பி வழியாக ரத்தக்கட்டியை எடுக்க முடியும், அறுவை முடிந்த உடம்பில் மருந்து கொண்டு கரைக்கக் கூடாது. இரண்டு காலும் அசையவில்லை என்றால் மூளையை விட்டுத் தண்டுவடத்தை யோசியுங்கள்: அழுத்தத்தை உயர்த்தி, இடுப்பில் குழாய் போட்டு மூளைத் தண்டுவட நீரை வடிய விட வேண்டும், அதுவும் அந்த மணி நேரத்திலேயே.

மலைக்குத் திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டியவை: எந்தக் கிளை எங்கே தைக்கப்பட்டது, எந்தக் கையில் அழுத்தம் பார்க்க வேண்டும், மேல் அழுத்தம் 130-க்குக் கீழே, அடுத்த சி.டி. எந்த மாதம். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒருமுறை எக்கோ. மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ரோடு அடைபட்டால் மஞ்சூரிலோ எப்பநாட்டிலோ மெட்டோப்ரலால் தீர்ந்துபோய் உட்கார்ந்திருக்கக் கூடாது.